அணில் போட்டுவைத்த கடலை

கிளியிடம் கடலையைக் கொடுத்துவைத்தால் மழைக்காலத்தில் ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும் என்று கேள்விப்பட்டு, அணில் தன் சேமிப்பு முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தது.

“வீடு எங்கே, வீட்ல யார் யாரு, எப்போ இருப்பீங்க, எல்லாம் சொல்லணும்க்கா. வேற யாராவது வந்து கேட்டா நான் ஏமாந்துடக் கூடாது பாருங்க” என்றது கிளி.

அணில் ஒன்றுவிடாமல் சொன்னது.

வீட்டுக்குப் போனதும் பயம் வந்தது. கிளி மறந்துவிட்டால்? விடிந்ததும் ஓடியது.

“என்னை ஞாபகம் இருக்கா?”

கிளி மரம் அதிரக் கத்தியது. “அணிலக்கா! புங்கமரம், மேற்குப் பக்கப் பொந்து! கண்ணு திறக்காத குட்டி ரெண்டு! காலையில அக்கா வெளியே போயிடும்!”

கீழே வெயில் காய்ந்த பூனை கண்ணைத் திறக்கவில்லை. காதை மட்டும் திருப்பியது.

மறுநாளும் அணிலுக்கு அதே பயம். தினமும் வந்து கேட்டது. கிளியும் தினமும் கத்தியது.

“இன்னிக்கும் சரியாச் சொன்னே. என் கடலை பத்திரம்தானே?”

“ஒண்ணுகூடக் குறையாதுக்கா.”

அப்பாடா என்று அணில் கீழே பார்த்தது. வெயில் அப்படியே இருந்தது. பூனையைக் காணோம்.