தாரணியின் செல்

“செல்லை வெளியில எடுத்துடு, தாரணி. இல்லேன்னா கேட் கத்தும்.”

சபரி சர்வசாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் பவதாரணியின் முகம் வெளிறிப்போயிற்று. மெட்டல் டிடெக்டர் கேட்டுக்கான வரிசையில் அவர்களுக்கு முன்னால் இன்னும் நாலு பேர்தான்.

“உங்களுக்கு ஆர் சொன்னது?” என்றாள்.

“என்னது?”

“என்னட்ட செல் இருக்கெண்டு.”

“இதை வேற ஒருத்தர் வந்து சொல்லணுமா? எடுத்துக் கையில வெச்சுக்கோ, அவ்வளவுதான்.”

“அதை எடுக்க ஏலாது, சபரி.”

அவள் கை, இடது தோளில் தொங்கிய பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டது.

ஹூஸ்டனுக்கு வெளியே வருடத்துக்கு இரண்டு முறை கூடும் ராணுவப் பழம்பொருள் சந்தை அது. சபரிக்குத் திருவிழா மாதிரி. துருப்பிடித்த ஹெல்மெட், பதக்கம், தண்ணீர்க் குடுவை என்று அவனுடைய அபார்ட்மெண்டில் கால் வைக்க இடமில்லை. பிரான்சில் பழைய போர்க்களம் ஒன்றைப் பார்க்கப் போனவன், அங்கே ஒரு கடையில் இரும்புச் சில்லு ஒன்றை வாங்கிக் கார் சாவியோடு கோத்து வைத்திருந்தான். யார் அகப்பட்டாலும் அதன் கதையைச் சொல்லி அறுப்பான்.

இன்னும் மூன்று வாரத்தில் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் கல்யாணம். கோயம்புத்தூர்ப் பையன், இலங்கைப் பெண், ஒரே ஆபீஸ். கட்டிக்கொள்ளப் போகிறவள் தன் பைத்தியத்தை ஒரு தடவையாவது நேரில் பார்க்கட்டும் என்றுதான் இன்று இழுத்து வந்திருந்தான்.

“அதுல அப்படி என்ன இருக்கு?” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

“இஞ்ச கேட் இருக்கெண்டு நீங்க முதல்ல சொல்லேல்லை. வாங்கோ, வீட்டை போவம்.”

“எனக்குத் தெரியக்கூடாத விஷயமா?”

“கல்யாணத்துக்கு முதல் சொல்லத்தான் இருந்தனான். பயமாக் கிடந்தது. தெரிஞ்சா நீங்க என்னை வேண்டாமெண்டு விட்டிடுவீங்களோ எண்டு.”

சபரியின் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. யாரவன்? போன மாதம் சிகாகோ டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் கேன்சல் பண்ணினாளே, ஏர்போர்ட் என்றாலே பயம் என்று! அதையும் மடையன் மாதிரி நம்பினான். பத்திரிகை கொடுத்தாயிற்று. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் அடுத்த வாரம் வந்து இறங்குகிறார்கள்.

“எவ்ளோ நாளா மறைக்கிற?”

“கன வருஷமா.”

“நெக்ஸ்ட்!”

கேட்டின் அந்தப் பக்கம் மிலிட்டரி உடுப்பில் ஆறடி உயரக் காவலாளி ஒருவர் நின்றார். அவரைப் பார்த்ததும் பவதாரணி அப்படியே நின்றுவிட்டாள்.

சபரி பொறுமை இழந்தான். அவள் தோளிலிருந்து பையை உருவித் தட்டில் கவிழ்த்தான். செல்போன் வந்து விழுந்தது. திரையில் அவனே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“பாஸ்வேர்ட் என்ன?”

“உங்கட பிறந்தநாள்.” எதற்குக் கேட்கிறான் என்றே அவளுக்குப் புரியவில்லை.

அவனுக்கும் இப்போது ஒன்றும் புரியவில்லை. அதற்குள் காவலாளி கையசைத்து அழைக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கையோடு கேட்டுக்குள் நுழைந்தாள்.

கேட் அலறியது.

பவதாரணி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டுவிட்டாள்.

காவலாளிதான் பதறிப்போனார். “இட்ஸ் ஓகே, மேம், இட்ஸ் ஓகே” என்று சொல்லிக்கொண்டே கைக்கருவியை மெல்ல ஓட்டினார். இடுப்பில் சத்தமில்லை. வலது தோளில் சத்தமில்லை. இடது தோளுக்குப் பின்னால் வந்ததும் அது விடாமல் கத்தியது.

சபரி ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டான். “என்னடா இது? உன் செல்தான் தட்டுல கிடக்கே!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க போனையோ கேட்டனீங்க?”

“பின்னே?”

அவள் அவன் விரல்களைப் பிடித்துத் தன் தோளின் பின்புறம் வைத்தாள். தோலுக்கடியில் ஏதோ கெட்டியாக நெருடியது.

“எங்கட ஊரில செல் எண்டா, மேலால வந்து விழுந்து வெடிக்கிறது, சபரி. பதினொரு வயசில எனக்குப் பக்கத்தில விழுந்தது. உங்கட சாவியில தொங்குதே, அது மாதிரி ஒரு துண்டு இன்னும் உள்ளுக்க கிடக்கு.”