மலைக்குள்ளே பம்பை

"இன்னாப்பா இது? முடி எங்கப்பா?"

கவிநிலா வாசலிலேயே நின்றுவிட்டாள். வேங்கிக்காலில் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்திருந்தாள். வந்து பார்த்தால், இடுப்பு வரைக்கும் சடை தொங்கவிட்டிருந்த அப்பா ஆதிமூலம், கிராப்பு வெட்டி, தாடியை மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய பம்பை மேளம்.

"வெட்டிட்டேம்மா."

"அவங்க இன்னிக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சுமா?"

"அதுக்குத்தான் வெட்டினேன்."

உள்ளேயிருந்து அம்மா பச்சையம்மாள் கத்தினாள். "நல்லா கேளுடி! 'கூப்புடுவாங்க, கூப்புடுவாங்க'ன்னு வருஷக்கணக்கா வழி பாத்துட்டு, வர்ற நாளா பாத்து தலையை வழிச்சுட்டு நிக்கிறாரு. புத்தி பேதலிச்சுப் போச்சா இந்த மனுசனுக்கு?"

அவங்க என்பது போலந்துக்காரர்கள். 'ஸ்ரெப்ர்னா கோஸா' என்று ஒரு ஃபங்க் இசைக்குழு. அவர்கள் பாஷையில் வெள்ளி ஆடு என்று அர்த்தமாம். ஃபங்க் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "ஆடாம நிக்க முடியாது, அதான் ஃபங்க்" என்பாள் பச்சையம்மாள், எல்லாம் தெரிந்தவளைப் போல. ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்த குழு. வெறுமனே பாடினபோது சீந்த ஆளில்லை. தலையில் வெள்ளிக் கொம்பு வைத்து, பாடுகிறவன் கயிற்றில் தொங்கி, மேடையில் நெருப்பும் புகையும் விட ஆரம்பித்த பிறகுதான் ஊர் ஊராகக் கூட்டம் அம்மியது.

அதன் தலைவன் தோமெக் ஒரு ஆடி மாதம் கிரிவலம் வந்தவன், மாரியம்மன் கோயிலில் சடை பறக்கப் பம்பை வாசித்த ஆதிமூலத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், கையோடு அழைத்துப் போய்விட்டான். மேடை நடுவில் அட்டை மலை ஒன்று இரண்டாகப் பிளக்கும். உள்ளே சடையும் விபூதியுமாக ஆதிமூலம் பம்பை அடிப்பார். வெள்ளைக்காரக் கூட்டம் தலைகால் புரியாமல் கத்தும். அப்படி மூன்று கோடைக்காலம். அப்புறம் பாடுகிறவன் கயிற்றிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான், குழு சிதறிவிட்டது. இப்போது மறுபடி சேர்ந்து கடைசியாக ஒரு சுற்று, ஐரோப்பா முழுக்க; அதற்கு ஆதிமூலத்தை அழைக்கத்தான் தோமெக் வருகிறான்.

அந்த வீடியோக்களைக் கவிநிலா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், காலேஜில் எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்திருக்கிறாள். ஒரே ஒரு முறை கேட்டாள்: "உன் பம்பை சத்தம் மட்டும் கேக்கவே இல்லையேப்பா?"

"போன்ல அப்படித்தான்மா கேக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அவருகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். நான் சொல்றப்போ நீ இங்கிலீஷ்ல கேளு."

"என்னா கேள்வி?"

"அப்போ சொல்றேன்."

ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய தோமெக், ஆதிமூலத்தைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, ஆதிமூலம் எங்கே என்று கேட்டான். கவிநிலா அப்பாவைக் காட்டினாள். அவன் முகம் தொங்கிப்போனது.

ஆதிமூலம் பம்பையை இடுப்பில் கட்டினார், அடித்தார். ஐயோ, என்ன அடி! இத்தனை நாளாகப் பழகி வைத்திருந்த புது நடை. எரிச்சலோடு நின்ற பச்சையம்மாளுக்கே உடம்பு சிலிர்த்தது. தோமெக் மட்டும் அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சடை வளர எத்தனை மாதமாகும்?" என்று கவிநிலாவிடம் கேட்டான்.

அந்த நேரம் பார்த்தா அடுத்த வீட்டுப் பரசுராமன் வேடிக்கை பார்க்க வர வேண்டும்? கொத்தனார்தான், ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி காவி கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் உட்கார்ந்துவிடுவார். சடை முழங்கால் வரைக்கும் இருக்கும். தோமெக்கின் கண் மின்னியது. இவர் வருவாரா என்று கேட்டான்.

"இவருக்கு பம்பையைத் தொட்டுக்கூட பழக்கமில்ல. தாளமும் வராது" என்றாள் கவிநிலா இங்கிலீஷில், படபடப்பாக.

தோமெக் கல்மிஷமே இல்லாமல் சிரித்தான். "வாசிக்க வேண்டியதில்லையே, கை அசைந்தால் போதும். உன் அப்பாவுக்கு முன்னாலும் மைக் வைத்தது பார்வைக்குத்தான். அந்த ஒயரை நாங்கள் எதிலும் மாட்டியதே இல்லை. சத்தமெல்லாம் கீபோர்டிலிருந்து வரும்."

சொல்லிவிட்டு பரசுராமனைப் போட்டோ எடுக்கப் போய்விட்டான்.

கவிநிலா அப்பா பக்கம் திரும்பினாள். பாவி, என்ன சுலபமாகச் சொல்லிவிட்டான்!

"என்னாம்மா சொல்றாரு?"

"ஒண்ணும் இல்லப்பா... இந்த வாட்டி பம்பையே வெக்கலையாம். பரசுராமன் மாமா சும்மா மேடையில நிக்கிறதுக்குத்தானாம். உன்னை மாதிரி வாசிக்க உலகத்துலயே ஆள் கெடையாதாம்."

ஆதிமூலம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பம்பையை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

"சரி. அந்தக் கேள்வியைக் கேட்டுடு."

"இப்போ எதுக்குப்பா அது?"

"கேளும்மா. முடி இல்லன்னா கையைப் பாப்பாங்க, காதால கேப்பாங்கன்னுதான் வெட்டினேன். போவட்டும். பரசுராமனுக்காவது அந்த மைக் ஒயரை மாட்டுவீங்களான்னு கேளு."