எதில்மாவின் அண்ணன்

“யாரைக் கேட்டு எங்க தாத்தாவுக்கு உங்க வீட்டுப் பேரை வெச்சீங்க?”

மார்லெனி கல்லறையைக் காட்டிக் கேட்டாள். நீல வண்ணம் பூசிப் பளிச்சென்று இருந்த கல்லறையில் ‘லிசாந்த்ரோ அகுதேலோ’ என்று எழுதியிருந்தது. தாத்தாவின் பெயர் டிபேரியோ மொன்சால்வே.

கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்த எதில்மா அகுதேலோவுக்கு எண்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரையில் மீன் விற்றவள். துணியைப் பிழிந்தாள். உட்காரச் சொன்னாள்.

மத்தியான வெயிலில் மக்தலேனா ஆறு அரைத் தூக்கத்தில் கிடந்தது. கானல் நடுங்கிய நடுக்கத்தில், அக்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

மார்லெனி உட்காரவில்லை. தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேடி அவள் ஏறி இறங்காத ஊர் இல்லை. டிபேரியோ என்று யாரும் எங்கேயும் சாகவில்லை என்றார்கள். கடைசியில் இந்த ஊர்ப் பதிவில்தான், வேறு பெயருக்குக் கீழே, அந்த அடையாளம் கண்ணில் பட்டது. ஆற்றில் மிதந்து வந்த உடல், இடது காலில் ஆறு விரல். அடையாளம் காட்டியவர், தங்கை எதில்மா.

தாத்தாவுக்குத் தங்கையே கிடையாது. ஆனால் மார்லெனியின் அம்மாவுக்கும் இடது காலில் ஆறு விரல். அப்பனிடமிருந்து வந்தது என்று ஊரே சொல்லும்.

ஊர் இன்னொன்றும் சொல்லும். ‘ஓடிப்போனவன் மகள்.’ அம்மா அந்தப் பேச்சைக் கேட்டே கிழவியாகிவிட்டாள். அவள் கண்மூடுவதற்குள், ‘உன் அப்பா ஓடலைம்மா’ என்று, தாத்தாவின் சொந்தப் பெயரோடு ஒரு சான்றிதழை அவள் கையில் வைத்துவிட வேண்டும் என்பதுதான் மார்லெனியின் ஒரே ஆசை. அதற்கு, செத்தவர் தன் அண்ணன் இல்லை என்று எதில்மா எழுதிக் கொடுக்க வேண்டும். நின்றபடியே அதையும் கேட்டாள்.

ஆற்றில் வரும் பிணத்துக்குப் பெயர் வைத்து, பூ வைத்து, அதைக் கொடு இதைக் கொடு என்று வேண்டிக்கொள்வது இந்த ஊர் வழக்கம்.

“லாட்டரி நம்பர் கேக்கறதுக்கு எங்க தாத்தாதான் கிடைச்சாரா?”

“நான் ஒண்ணும் கேட்டதில்ல கண்ணு. அவர்தான் கனவுல வந்து என்னைக் கேப்பார். சொட்டச் சொட்ட நனைஞ்சுபோய் வாசல்ல நிப்பார். ஒரே கேள்விதான். எனக்குப் பதில் தெரியாது.”

எதில்மா ஆற்றைப் பார்த்தாள்.

“அன்னிக்கு இதே கரையில துப்பாக்கியோட ரெண்டு பேர் நின்னாங்க. அவரைக் கொன்னவங்க. யார் வந்து அழறாங்கன்னு பாக்கத்தான் நின்னாங்க. அழுதா, அந்தக் குடும்பத்தையும் விடமாட்டாங்க.”

மார்லெனி மெல்ல உட்கார்ந்தாள்.

“கைக்குழந்தையோட ஒருத்தி வந்தா. பாத்தா. ‘எனக்குத் தெரியாதவர்’னா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. திரும்பி நடக்கறப்போ குழந்தையோட கால் துணியிலேருந்து வெளியே வந்துடுச்சு. நான் பக்கத்துல மீன் கழுவிட்டிருந்தேன். அந்தக் காலையும் பாத்தேன், செத்தவர் காலையும் பாத்தேன். அவனுங்களும் அவ பக்கம் திரும்பறாங்க.”

“ஐயோ. அப்புறம்?”

“‘அண்ணா’ன்னு கத்திட்டு அவர் மேல விழுந்தேன். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. அவ போயிட்டா.”

அவரை அடக்கம் செய்த கையோடு தன் குடும்பமே படகில் ஏறித் தப்பித்ததையும், வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல்கூட மிஞ்சாததையும், எதில்மா யாருக்கோ நடந்தது போலச் சொல்லி முடித்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“வா, எழுதித் தரேன். இனிமே யாருக்குப் பயம்?”

மார்லெனி எழுந்திருக்கவில்லை.

“கனவுல தாத்தா என்ன கேப்பார்?”

“‘பாப்பா பத்திரமா இருக்காளா?’ன்னு.”

மார்லெனி அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“‘பத்திரமா இருக்கா, பேரன் பேத்தி எடுத்துட்டா’ன்னு சொல்லுங்க, உங்க அண்ணன்கிட்ட.”