இடது கை

லூசியானாவின் ஆகஸ்ட் வெயிலில் கல்லூரி மைதானத்துப் புல் புழுங்குகிறது. பந்தெறியும் இயந்திரம் உறுமி உறுமி அமெரிக்கக் கால்பந்தின் முட்டை வடிவப் பந்துகளைத் துப்ப, எதிரே கீயோன் ஒருவன்தான் ஓடி ஓடிப் பிடிக்கிறான். போன மாதம் பந்து பிடிக்க நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேரைப் பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போய்விட்டன. ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது. பந்து பிடிப்பவர்களின் பயிற்சியாளர் கிட்ரி கண்ணெடுக்காமல் பார்க்கிறார். எப்போதும் விரல்நுனியிலேயே பந்தைப் பறிப்பவன், இன்று ஒவ்வொன்றையும் நெஞ்சில் வாங்கி அணைத்துக்கொள்கிறான். வலது கையுறைக்குள் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது புடைத்துத் தெரிகிறது. “என்ன கிட்ரி, முதல் மேட்சுக்கு ஒம்போது நாள்தான் இருக்கு. உன் பசங்க தேறுவாங்களா?” கூடார நிழலிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் கத்துகிறார். “ஒருத்தன் போதும் சார், சிங்கம்!” என்கிறார் கிட்ரி. அது காதில் விழுந்ததும் கீயோன் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறான். இயந்திரம் ஓய்கிறது. பயிற்சி முடிந்தால் கையில் தட்டிவிட்டுப் போவது வழக்கம். கிட்ரி வலது கையை நீட்டுகிறார். “இன்னிக்கு ஒண்ணுகூட விடல, பாத்தீங்களா கோச்?” என்று சிரித்தபடி கீயோன் இடது கையை நீட்டுகிறான். “பாத்தேன்டா, எல்லாத்தையும் பாத்தேன்.” கிட்ரி தன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையை நீட்டுகிறார்.