பத்து ஓம்

“யார்கிட்டம்மா இந்த வேலையைக் காட்டுறே?” என்று விடைத்தாளை மேசைமேல் விசிறினார் இயற்பியல் ஆசிரியர். செய்முறைத் தேர்வு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மற்ற இருபத்தொன்பது பேரும் ஆய்வக வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே கம்பிச்சுருள்தான். ஆறு வோல்ட் கொடுத்து, எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் மின்திறன். இருபத்தொன்பது தாள்களிலும் 0.6 ஆம்பியர், பத்து ஓம், 3.6 வாட் என்று அச்சடித்தாற்போல் விடை. கடைசி பெஞ்சுக்காரி மட்டும் 0.4 ஆம்பியர், பதினைந்து ஓம், 2.4 வாட் என்று எழுதியிருந்தாள்.

பாதி நாள் வகுப்புக்கே வராதவள். அளந்தே பார்க்காமல் குருட்டாம்போக்கில் எதையோ கிறுக்கிவிட்டு நம் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம் குடைந்தது.

“மீட்டர் அதைத்தான் சார் காட்டிச்சு.”

“இருபத்தொன்பது பேருக்குக் காட்டாதது உனக்கு மட்டும் காட்டுமா? இப்ப என் கண்ணு முன்னாடி செய். தப்புன்னா சைபர்தான்.”

“ஒரு வருஷம் போச்சுன்னா, படிச்சது போதும்னு அப்பா நிறுத்திடுவாரு சார்...”

“அதைப் புளுகுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வயர்களை மாட்டினாள். சுருளின் அடிப்பலகையில் ‘10 ஓம்’ என்ற லேபிள் பழுப்பேறி, ஓரம் பிய்ந்து தொங்கியது. கம்பி மட்டும் பளபளத்தது. ஆய்வக உதவியாளர் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருக்கிறது என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார்.

முள் 0.4-இல் போய் நின்றது.

“என்ன பண்ணினே இதுல?” மீட்டரைத் தட்டினார். முள் மசியவில்லை. மீட்டரிலேயே கைவைத்துவிட்டாளோ? “அண்ணே, வேற மீட்டர் ஒண்ணு கொண்டாங்க!” என்று ஸ்டோர் ரூமைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

உதவியாளர் கொண்டுவந்த மீட்டரை ஆசிரியரே தன் கையால் மாட்டினார். அதுவும் 0.4.

வாசலில் நின்ற கூட்டம் சத்தம் போடாமல் நழுவ ஆரம்பித்தது.

“நீங்களே பாருங்கண்ணே. பத்து ஓம் சுருளுக்குப் பதினஞ்சு ஓம்னு எழுதி வச்சிருக்கா. என்ன தில்லுமுல்லு பண்ணினான்னே பிடிபடல.”

உதவியாளர் தாளை வாங்கிப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

“பழைய சுருள் கருகிப்போய், பதினஞ்சு ஓம் சுருளை மாட்டி மூணு வருஷமாச்சே சார். லேபிளை மாத்தணும்னு சொன்னேன். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னுட்டீங்க.”

ஆசிரியரின் பார்வை தாள் கட்டின்மேல் போனது. இருபத்தொன்பது தாள்களிலும் அவர் போட்ட சிவப்பு டிக்குகள் வரிசையாக அவரைப் பார்த்தன.

உதவியாளர் தாளைப் பத்திரமாக மேசையில் வைத்தார்.

“இந்த மூணு வருஷத்துல, கண்ணால பார்த்ததை எழுதினது இந்தப் பொண்ணு ஒண்ணுதான் சார்.”