கம்ப்யூட்டர் சொன்ன பன்னிரண்டு

"பன்னிரண்டு! கம்ப்யூட்டர் சொன்னது அப்படியே பலிச்சிருச்சு!" துள்ளினார் பேராசிரியர் ஞானசிகாமணி.

நாற்பத்தெட்டு மணி நேரம் தூங்காத ஒருவர், விளக்கு எரியும்போதெல்லாம் மணியடிக்க வேண்டும் என்றால், இருபது முறை விளக்கு எரிந்தால் பன்னிரண்டு முறை மணியடிக்கத் தவறுவார். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துக் கம்ப்யூட்டரில் அவர் போட்ட கணக்கு அது. அதைச் சோதிக்கத்தான், கொடைக்கானலில் கேரட் லாரி ஓட்டும் மூக்கையாவை உட்கார வைத்து, இரண்டு நாளாக எதிரிலேயே காவல் இருந்தார். கடைசியில் நடந்த சோதனையில், காதில் விழுந்த மணிக்கெல்லாம் பேராசிரியரே டிக் போட்டார். இருபதுக்கு எட்டு டிக்.

உதவியாளர் அமிர்தவல்லி தயங்கினாள். "சார், நான் விளக்கைப் போட்ட இருபது தடவையும் மணி அடிச்சுதே."

"தூங்காத மனுஷன் எப்படிம்மா இருபதும் அடிப்பாரு?"

மூக்கையா குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். லாரியில நானும் தம்பியும் மாத்தி மாத்தித்தான் ஓட்டுவோம். அந்தப் பழக்கத்துல இங்கயும் இதே குல்லாவையும் கம்பளியையும் போட்டுக்கிட்டு மாத்தி மாத்தி உக்காந்தோம். நீங்க பாத்துக்கிட்டேதான இருந்தீங்க, ஒண்ணும் சொல்லலையே!"

"அப்போ ரெண்டு நாளும் தூங்காம இருந்தது யாரு?" என்றார் பேராசிரியர்.

"நீங்க மட்டுந்தாங்க."