குசினிக்குள் விழுந்த வெயில்

கிளாஸுக்குள் நீல வெளிச்சம் வரவில்லை.

சமைக்கும் குசினியின் கதவைச் சாத்தியிருந்தேன். கிடுகுக் கூரை ஓட்டையால் இறங்கிய ஒற்றை வெயில் நேரே கிளாஸுக்குள் விழுந்தது. உள்ளே கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் தேசிக்காய் பிழிந்த புளி, எங்கள் ஒழுங்கைச் சந்தியோகு அண்ணை அக்காவுக்கு விற்ற கொயினாக் குளிசையை, அந்த மாத்திரையைச் சுரண்டிய தூள்.

கொயினா என்றால் வெயில் பட்ட இடம் நீலமாக எரிய வேண்டும். கொழும்பில் படிக்கும்போது என் கையால் செய்து பார்த்தது.

அக்கா குசினி மூலையில் பாயில் நடுங்கிக்கொண்டிருந்தாள். வன்னியில் பிடித்த மலேரியாக் காய்ச்சல்; கொயினாதான் மருந்து. உலக யுத்தத்தால் கொயினா வருவது நின்றிருந்தது. கள்ளக் குளிசைக்கு மட்டும் பஞ்சமில்லை.

நேற்றுத்தான் ஊருக்கு வந்தேன். நாரந்தனையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், பட்டம் எடுத்த முதல் ஆள். சும்மா விடுவேனா? சந்தியோகு அண்ணையைக் குசினிக்குள்ளேயே கூப்பிட்டு நிறுத்தியிருந்தேன்.

"சுண்ணாம்பை உருட்டி வித்தனீங்களோ, அண்ணை?"

"கைக்குதெல்லே, பிள்ளை?"

"வேப்பங்கொட்டையும் கைக்கும். வெளியிலை போங்கோ."

போகவில்லை. கதவடியில் நின்று கிளாஸையே பார்த்தார். வெட்கங்கெட்ட மனுசன் என்று நினைத்தேன்.

ஆத்திரத்தில் விரலைத் தோய்த்து நக்கினேன். கசப்பு நாக்கைப் பிடுங்கியது.

கசப்புக்குப் பின்னால் உப்பு.

எங்கள் கிணற்று உப்பு. பிறந்த நாள் முதல் குடித்து, நாக்கு மறந்துபோன உப்பு.

கொழும்பில் ஊற்றியது காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் உப்புக் கரைசல் விட்டதும் நீலம் அணைந்தது. அதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன்.

அக்காவின் கஞ்சிக்கென்று பிடித்துவைத்த மழைத்தண்ணீரை வேறு கிளாஸில் ஊற்றினேன். புளி விட்டேன். அதே குளிசையை மறுபடி சுரண்டினேன். தூள் கரையும்வரை கலக்கினேன்.

நீலம்.

வெயில் நுழைந்த விளிம்பில், தண்ணீர் கண் விழித்ததுபோல. கடலிலும் இல்லை, வானத்திலும் இல்லை இந்த நீலம். அக்கா எழுந்திருந்து சிலுவை போட்டுக்கொண்டாள். காரணம் படித்த எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

தேங்காய்ச் சிரட்டையால் கிணற்றுத் தண்ணீரை அதற்குள் விட்டேன். நீலம் மங்கி, மங்கி, இல்லாமலே போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீருக்குள் இருந்தது. வெளிச்சம் அதைக் கண்டுவிட்டது. இத்தனை காலம் நாங்கள் குடித்ததை முதல் முறையாகப் பார்த்தேன்.

"அப்ப... குளிசை?" சந்தியோகு அண்ணை கிளாஸுக்குக் கிட்ட வந்தார்.

"நல்ல குளிசை. தண்ணிதான் பிழை, அண்ணை. நான் சொன்னதை..."

அவர் கேட்க நிற்கவில்லை. குளிசைப் பெட்டியை அடுப்படியிலேயே விட்டுவிட்டு, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடினார். ஒழுங்கை நெடுகத் தன் மனைவியைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது.

"பிலோமினா! கள்ளக் குளிசை இல்லையாம்! காய்ச்சலிலை கிடக்கிற எங்கடை பிள்ளைக்கு, குடுக்காமல் வைச்ச மற்றக் குளிசையையும் குடு!"